சிங்க்திங்: கொண்டுசேர்ப்பதில் கெட்டி, காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு

இரண்டோ அதற்கு மேலோ கருவிகளில் இருக்கும் ஒரு ஃபோல்டரை, நடுவில் யாருடைய கிளவுடும் இல்லாமல், ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள் சிங்க்திங். கணக்குத் தொடங்க வேண்டாம், சந்தா கிடையாது, இட வரம்பு என்பது உங்கள் டிஸ்க்கின் வரம்புதான். 2013 முதல் வளர்ந்துவரும் திறமூல மென்பொருள் இது. கோ மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும்.

அனுப்பும் வேலையில் இதைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. வந்த துண்டு சரிதானா என்று மறுபடி கணக்கிட்டுப் பார்த்த பிறகே ஃபைலை இடத்தில் வைக்கிறது. பாதியில் இணைப்பு அறுந்தால் தற்காலிக ஃபைலில் இருப்பதை வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. கருவிகளுக்கு இடையே போவதெல்லாம் டிஎல்எஸ் மறையாக்கத்தில்தான் போகிறது.

இருந்தும் 'என் ஃபைல் எல்லாம் போய்விட்டது' என்ற புலம்பல் இந்த மென்பொருளைப் பற்றி அடிக்கடி கேட்கும். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சிங்க்திங் தனக்குச் சொன்னதைத்தான் செய்திருக்கும். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழிப்பது அதன் வேலை. ஆகவே எதை எந்தத் திசையில் விடுவது, பழைய பிரதியை எங்கே வைத்துக்கொள்வது என்ற இரண்டையும் கருவிகளை இணைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். மற்ற செட்டிங்குகளைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நிறுவலும் முதல் ஓட்டமும்

நிறுவல் ஐந்து நிமிட வேலை. விண்டோஸில் ஒரே ஒரு இயங்கு ஃபைல்தான். லினக்ஸில் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களின் தொகுப்புகளிலேயே கிடைக்கும். ஓடத் தொடங்கியதும் பிரவுசரில் 127.0.0.1 முகவரியில் 8384 போர்ட்டைத் திறந்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். தனி விண்டோ இல்லையே என்று தேட வேண்டாம், இதுதான் முகப்பு.

லினக்ஸில் இதை ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள பயனராக) ஓட்டாதீர்கள். ஃபைல்களுக்குச் சொந்தக்காரரான பயனரின் பெயரிலேயே சிஸ்டம்டி சேவையாக (பின்னணியில் தானாக ஓடும்படி) ஓட்டுங்கள். வேறு பயனர் பெயரில் ஓட்டினால் 'பர்மிஷன் டினைட்' பிழை வரிசைகட்டி வரும். அதைத் தீர்க்க எல்லா ஃபோல்டருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவதுதான் அடுத்த தவறு. விண்டோஸிலும் அட்மின் உரிமை தேவையில்லை.

திரையில்லாத சர்வரில் ஓட்டுபவர்கள் கட்டுப்பாட்டுப் பக்கத்தை வேறு கணினியிலிருந்து பார்ப்பதற்காக முகவரியை 0.0.0.0 (எங்கிருந்து வந்தாலும் ஏற்பது) என்று மாற்றுவது வழக்கம். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வைக்காமல் அதைச் செய்யவே கூடாது. அந்தப் பக்கத்தைத் திறக்க முடிந்த எவரும் உங்கள் ஹோம் ஃபோல்டரையே புதிய பகிர்வாகச் சேர்த்துத் தன் கருவிக்கு இழுத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வருக்கு மறையாக்கப்பட்ட தனிவழி) போட்டு 8384-ஐ உங்கள் கணினிக்குக் கொண்டுவருவது இதைவிட நல்ல வழி. முகவரியைத் தொடவே வேண்டாம்.

இணைப்பது

முதல்முறை ஓடும்போது ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு சான்றிதழை உருவாக்கிக்கொள்ளும். அதன் ஹாஷிலிருந்து வருவதுதான் கருவி ஐடி: ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதி, மொத்தம் 56 எழுத்துகள். இது ரகசியம் அல்ல. ஐடி தெரிந்தாலும் நீங்கள் ஏற்காமல் யாராலும் உள்ளே வர முடியாது. 'ஆட் ரிமோட் டிவைஸ்' அழுத்தி இந்த ஐடியைக் கொடுக்க வேண்டும். போன் என்றால் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் போதும். மறுபக்கத்தில் அனுமதி கேட்டு ஓர் அறிவிப்பு வரும். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் இணைப்பு. ஒரு பக்கம் மட்டும் சேர்த்துவிட்டு 'டிஸ்கனெக்டட்' என்றே காட்டுகிறதே என்று குழம்புபவர்கள் முதலில் மறுபக்க முகப்பைத் திறந்து பார்க்கட்டும்.

ஃபோல்டருக்குப் பெயர், ஐடி, பாதை என்று மூன்று உண்டு. பெயரும் பாதையும் கருவிக்குக் கருவி மாறலாம். ஐடி மட்டும் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மறுபக்கம் வரும் அழைப்பை ஏற்றால் ஐடி தானாகவே வந்துவிடும். கையால் உருவாக்குபவர்கள்தான் இதில் சறுக்குவார்கள். பாதையைக் கவனித்துக் கொடுங்கள். ஏற்கும்போது காட்டும் இயல்பான பாதை நீங்கள் நினைத்த இடமாக இருக்காது. பிறகு பாதையை மாற்ற வேண்டுமானால் அந்த ஃபோல்டரை சிங்க்திங்கிலிருந்து நீக்கிவிட்டு, ஃபைல்களைக் கையால் நகர்த்தி, அதே ஐடியோடு மீண்டும் சேர்க்க வேண்டும். நீக்குவது என்றால் பட்டியலிலிருந்துதான். டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை அது தொடாது.

டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துப் புதுக் கணினியில் போடுபவர்களுக்கு ஒரு சொல். சான்றிதழும் சேர்ந்தே நகலாகிவிடும். இரண்டு கணினிகள் ஒரே ஐடியோடு ஓடினால் இணைப்பு மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும். புதுக் கணினியில் கான்ஃபிக் ஃபோல்டரிலிருந்து சான்றிதழ், சாவி, டேட்டாபேஸ் ஆகியவற்றை எடுத்துவிட்டுத் தொடங்கினால் புதிய ஐடி கிடைக்கும்.

'இன்ட்ரொட்யூசர்' என்ற ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதை வைத்த கருவிக்குத் தெரிந்த மற்ற கருவிகள், பொதுவான ஃபோல்டர்களுக்காக, உங்களுக்கும் தானாக அறிமுகமாகும். ஐந்தாறு கருவிகள் வைத்திருப்பவருக்கு வசதிதான். ஆனால் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று இன்ட்ரொட்யூசராக வைத்துக்கொண்டால், நீங்கள் நீக்கிய கருவியை மற்றது மீண்டும் அறிமுகப்படுத்திக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் அப்படி வையுங்கள்.

திசை: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஃபோல்டரின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் ஃபோல்டர் வகை என்று இருக்கும். இயல்பாக 'செண்ட் அண்ட் ரிசீவ்', அதாவது இருவழி. 'செண்ட் ஒன்லி' வைத்தால் இங்கே நடந்த மாற்றம் வெளியே போகும், வெளியே நடந்தது உள்ளே வராது. 'ரிசீவ் ஒன்லி' இதற்கு நேர்மாறு. 'ரிசீவ் என்கிரிப்டட்' பற்றிப் பிறகு.

எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது போனில் எடுக்கும் படங்களைக் கணினிக்குக் கொண்டுபோவது. போனில் செண்ட் ஒன்லி, கணினியில் ரிசீவ் ஒன்லி என்று வைத்துவிட்டு, படமெல்லாம் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று போனில் இடம் காலிசெய்ய அழிப்பார்கள். கணினியிலும் போய்விடும். அழிப்பதும் ஒரு மாற்றம்தான், செண்ட் ஒன்லி அதையும் அனுப்பும். அந்தப் பெயரைப் பார்த்து 'படத்தை மட்டும் அனுப்பும்' என்று நினைப்பது இயல்பு. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்கலாம்.

இதற்கு 'இக்னோர் டிலீட்' என்ற செட்டிங் அட்வான்ஸ்ட் கான்ஃபிகரேஷனுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை வைத்தால் மறுபக்க அழிப்பை இந்தக் கருவி கண்டுகொள்ளாது. ஆனால் அதற்குப் பிறகு இந்த ஃபோல்டர் எப்போதும் 'அவுட் ஆஃப் சிங்க்' என்றே நிற்கும், உண்மையான கோளாறு வந்தாலும் தெரியாது. ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால்கூடப் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் இரண்டு பிரதி நிற்கும். சிங்க்திங்கின் ஆவணமே இதைப் பரிந்துரைக்கவில்லை. நேரான வழி: கணினிக்கு வந்த படங்களை சிங்க்திங் பார்க்காத வேறொரு ஃபோல்டருக்குப் பிரதியெடுத்து வைப்பது; பிறகு போனில் அழிப்பது. பகிர்ந்த ஃபோல்டரைப் பெட்டகமாக நினைக்காமல் வழிப்பாதையாக நினைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

இரண்டு பொத்தான்களை அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. செண்ட் ஒன்லி பக்கத்தில், மறுபுறம் யாராவது எதையாவது மாற்றினால் 'ஓவர்ரைடு சேஞ்சஸ்' என்ற சிவப்புப் பொத்தான் வரும். அழுத்தினால் இங்கே இருப்பதுதான் சரி என்று மறுபுறம் மாற்றியதெல்லாம் திருப்பி எழுதப்படும். ரிசீவ் ஒன்லி பக்கத்தில் வருவது 'ரிவர்ட் லோக்கல் சேஞ்சஸ்'. இங்கே மாற்றிய ஃபைல்களை மறுபடி அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவரும் என்பது பலருக்குத் தெரியும். இங்கே புதிதாகச் சேர்த்த ஃபைல்களை அது அழித்துவிடும் என்பது தெரியாது. படத் தொகுப்பு மென்பொருள் அதே ஃபோல்டரில் எழுதிவைத்த திருத்தக் குறிப்பு ஃபைல்கள் இப்படித்தான் ஒரே அழுத்தில் காணாமல் போகும்.

பழைய பிரதி: எந்தப் பக்கம் வைப்பது

பழைய பிரதிகளை எடுத்துவைக்கும் 'ஃபைல் வெர்ஷனிங்' இயல்பாக அணைந்தே இருக்கும். இதை அணைத்தே விட்டிருப்பதுதான் சிங்க்திங்மேல் எனக்குள்ள பெரிய குறை. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக இயக்க வேண்டும், மறுபக்கம் தானாகப் போகாது.

இயக்கினாலும் எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: வெளியிலிருந்து வரும் மாற்றத்தால் ஒரு ஃபைல் அழியும்போதோ மாறும்போதோதான் அந்தக் கருவி பழைய பிரதியை எடுத்துவைக்கும். அதே கருவியில் உட்கார்ந்து நீங்களே அழித்தால் எடுத்துவைக்காது. லேப்டாப்பில் மட்டும் வெர்ஷனிங் இயக்கியிருக்கிறீர்கள், டெஸ்க்டாப்பில் இல்லை என்று வையுங்கள். லேப்டாப்பில் ஒரு அறிக்கையை அழிக்கிறீர்கள். லேப்டாப்புக்கு அது உள்ளூர் அழிப்பு; எடுத்துவைக்காது. செய்தி டெஸ்க்டாப்புக்குப் போகிறது, அங்கே வெர்ஷனிங் இல்லை, அப்படியே அழிக்கிறது. இரண்டு இடத்திலும் இல்லை. ஆகவே நீங்கள் வேலை செய்யும் கருவியைவிட, ஓடிக்கொண்டே இருக்கும் மற்ற கருவியில்தான் வெர்ஷனிங் முக்கியம். எல்லாவற்றிலும் இயக்கிவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

நான்கு வகை கொடுக்கிறார்கள். 'ட்ராஷ் கேன்' ஒவ்வொரு ஃபைலுக்கும் கடைசியாக மாறிய ஒரே பிரதியை வைக்கும்; படம், இசை போன்ற மாறாத ஃபைல்களுக்கு இதுவே போதும். 'சிம்பிள்' நீங்கள் சொன்ன எண்ணிக்கை வரை வைக்கும், இயல்பாக 5. இதில் ஒரு குறை: ஒரு ஃபைலை ஐந்து நிமிடத்தில் ஐந்துமுறை சேமித்துவிட்டால் நேற்றைய நல்ல பிரதி வெளியே தள்ளப்பட்டுவிடும். எழுத்து, கணக்கு போன்ற வேலைக்கு 'ஸ்டாகர்ட்'தான் சரி. கடந்த ஒரு மணிநேரத்துக்கு 30 நொடிக்கு ஒன்று, ஒரு நாளுக்கு மணிக்கு ஒன்று, 30 நாளுக்கு நாளைக்கு ஒன்று, அதன்பின் வாரத்துக்கு ஒன்று என்று பழையது ஆக ஆக இடைவெளி விட்டு வைக்கும். இயல்பான உச்ச வயது 365 நாள். நான்காவதான 'எக்ஸ்டர்னல்', பழைய ஃபைலை நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைக்கும். அது தேவைப்படுபவர்களுக்கு இந்த மதிப்பீடு தேவைப்படாது.

பிரதிகள் ஃபோல்டருக்குள்ளேயே புள்ளியில் தொடங்கும் 'எஸ்டிவெர்ஷன்ஸ்' என்ற மறைவு ஃபோல்டரில் சேரும். பெரிய வீடியோக்கள் மாறும் ஃபோல்டர் என்றால் டிஸ்க் சத்தமில்லாமல் நிரம்பும். வேறு டிஸ்க்கில் பாதை கொடுக்கலாம். மீட்பதற்கு முகப்பிலேயே 'வெர்ஷன்ஸ்' பொத்தான் இருக்கிறது. தேதி வாரியாகத் தேடி எடுக்கலாம். இவ்வளவு இருந்தும் இது பேக்கப் ஆகாது. அந்த டிஸ்க் போனால் பிரதியும் சேர்ந்தே போகும்.

அனுப்பக் கூடாதவை

ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'இக்னோர் பேட்டர்ன்ஸ்', அதாவது எதை விலக்குவது என்ற விதிகள், எழுதலாம். அவை புள்ளியில் தொடங்கும் 'எஸ்டிஇக்னோர்' ஃபைலில் சேரும். இந்த ஃபைல் மற்ற கருவிகளுக்குப் போகாது. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் வேண்டுமானால், பட்டியலைச் சாதாரண ஃபைலில் எழுதிப் பகிர்ந்துவிட்டு, ஒவ்வொரு கருவியின் எஸ்டிஇக்னோரிலும் 'இன்க்ளூட்' வரியாக அதைக் குறிக்கலாம்.

விதிகள் எளியவை, வரிசைதான் முக்கியம். மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவதே தீர்ப்பு. வரி சாய்கோட்டில் தொடங்கினால் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் மட்டும் பொருந்தும். இல்லாவிட்டால் எந்த ஆழத்திலும் பொருந்தும். ஒற்றை நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது, இரட்டை நட்சத்திரம் தாண்டும். ஆச்சரியக்குறியில் தொடங்குவது விதிவிலக்கு. ஒரு பெரிய ஃபோல்டரில் ஓர் உட்ஃபோல்டர் மட்டும் போதுமென்றால் முதல் வரியில் ஆச்சரியக்குறி, சாய்கோடு, அதன் பெயர். இரண்டாம் வரியில் வெறும் நட்சத்திரம். இதைத் தலைகீழாக எழுதினால் நட்சத்திரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், எதுவுமே வராது.

மறுபக்கம் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டார்கள், இங்கே அதற்குள் விலக்கப்பட்ட கேச் ஃபைல் ஒன்று இருக்கிறது. சிங்க்திங் அதைத் தொடாது. ஃபோல்டரை அழிக்க முடியவில்லை என்று பிழை காட்டி நிற்கும். அந்த விதியின் முன்னால், அடைப்புக்குள் கேள்விக்குறியும் சிறிய ஆங்கில 'டி'யும் போட்டால் 'ஃபோல்டரை நீக்க இது தடையாக இருந்தால் இதையும் அழி' என்று பொருள். விண்டோஸின் 'தம்ஸ்' ஃபைல், மேக்கின் 'டிஎஸ் ஸ்டோர்' ஃபைல் இரண்டுக்கும் முதல் நாளிலேயே இப்படி எழுதிவிடுங்கள்.

விதியாலும் தீராத சில இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ், மெயில் மென்பொருளின் தரவு ஃபைல், விர்ச்சுவல் மெஷின் டிஸ்க், கிட் (நிரல் பதிப்புகளைப் பதிவுசெய்யும் மென்பொருள்) களஞ்சியத்தின் உள் ஃபோல்டர்: இவற்றை நேரடியாகப் பகிரக் கூடாது. டேட்டாபேஸ் ஒரு ஃபைலாகத் தெரிந்தாலும் அதோடு ஜர்னல் ஃபைல் ஒன்று சேர்ந்தே நடக்கும். சிங்க்திங் இரண்டையும் வெவ்வேறு நொடியில் எடுத்தால் மறுபக்கம் போய்ச் சேருவது எந்த நேரத்திலும் உண்மையாக இருந்திராத ஒரு கலவை. நோட்ஸ் செயலி, கடவுச்சொல் செயலி போன்றவற்றின் ஃபைலைப் பகிர்ந்தால், ஒரு கருவியில் மூடிவிட்டு, சிங்க் முடிந்ததைப் பார்த்து, பிறகு மற்றதில் திறக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே ஃபைலை மாற்றிவிட்டால் மோதல் ஃபைல் உருவாகும்: பழைய நேரமுத்திரை உள்ளது 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல், தேதி, நேரம், மாற்றிய கருவியின் சுருக்க ஐடி ஆகியவை பெயரில் ஒட்டி அதே ஃபோல்டரில் நிற்கும். எதுவும் தொலையாது. ஆனால் யாரும் அறிவிக்கவும் மாட்டார்கள். மாதம் ஒருமுறையாவது அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். கணினிக் கடிகாரம் தவறாக ஓடினால் தப்பான பிரதி வெல்லும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வேகம் இல்லையா? இணைப்பின் வகையைப் பாருங்கள்

மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு முதல் மருந்து, அந்தக் கருவியின் பட்டியை விரித்து 'கனெக்‌ஷன் டைப்' வரியைப் படிப்பது. 'டிசிபி லேன்' என்றால் உள்ளூர் நெட்வொர்க்கிலேயே நேரடி இணைப்பு, நல்லது. 'டிசிபி வான்' அல்லது 'குயிக் வான்' என்றால் இணையம் வழி நேரடி இணைப்பு. 'ரிலே வான்' என்றால் இரண்டு கருவிகளும் நேராகப் பேச முடியாமல் தன்னார்வலர் யாரோ நடத்தும் ரிலே சர்வர் வழியாகப் போகிறது. ரிலேயால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது, மறையாக்கம் கருவிக்குக் கருவி. வேகம்தான் போச்சு.

ஒரே வைஃபையில் இருந்தும் ரிலே காட்டினால் உள்ளூர்த் தேடல் வேலை செய்யவில்லை. அதற்கு யூடிபி 21027 போர்ட்டில் பிராட்காஸ்ட் அனுப்புகிறது. விருந்தினர் வைஃபை, ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' (வைஃபை கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் பிரிப்பது) போன்றவை இதைத் தடுக்கும். விண்டோஸில் அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் அடைத்துவிடும். 'பிரைவேட்' ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால், கருவியின் முகவரிப் பெட்டியில் 'டைனமிக்' என்பதோடு ஒரு காற்புள்ளி இட்டு அதன் உள்ளூர் முகவரியையும் 22000 போர்ட்டையும் எழுதிவிடுங்கள். ரவுட்டரில் அந்தக் கருவிக்கு நிலையான முகவரி ஒதுக்கியிருக்க வேண்டும்.

வெளியிலிருந்து நேரடி இணைப்பு வேண்டுமென்றால் ரவுட்டரில் 22000 போர்ட்டை டிசிபி, யூடிபி இரண்டுக்கும் திறந்துவிட வேண்டும். டிசிபி மட்டும் திறந்தால் குயிக் இணைப்பு கிடைக்காது. யூபிஎன்பி (செயலிகளே போர்ட் திறக்கக் கேட்கும் வசதி) இயங்கும் ரவுட்டரில் சிங்க்திங் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டு கருவிகளில் ஒன்றுக்குத் திறந்தாலே போதும். இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இணைப்பில் போர்ட் திறப்பது பலிக்காது; ஐபிவி6 இருந்தால் அதன் வழியாக முயலுங்கள், இல்லையென்றால் ஒயர்கார்டு போன்ற ஒரு விபிஎன்.

8384-ஐ மட்டும் ரவுட்டரில் திறக்காதீர்கள். 22000 என்று நினைத்து அதைத் திறப்பவர்கள் உண்டு.

நேரடி இணைப்பும் இருந்து மெதுவாக ஓடினால் காரணம் பெரும்பாலும் பிராசசர். எல்லா ஃபைலையும் ஹாஷ் போட வேண்டும், எல்லாவற்றையும் மறையாக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் இதற்கான வன்பொருள் உதவி கிடையாது. பை 5-இல் உண்டு. சில டெராபைட் முதல் ஸ்கேனுக்குச் சின்ன போர்டு பல மணிநேரம் எடுக்கும், அது கோளாறல்ல. அந்த முதல் சுற்றில் இணையத்தைத் தொந்தரவு செய்யாமல் இருக்க ஒரு வழி: ஃபைல்களை வெளி டிஸ்க்கில் மறுபக்கம் கொண்டுபோய்ப் பிரதியெடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஸ்கேன் முடிந்தபின் பகிருங்கள். துண்டுகளின் ஹாஷ் ஒத்துப்போவதால் எதுவும் அனுப்பப்படாது.

துண்டின் அளவு சின்ன ஃபைலுக்கு 128 கேபி, பெரிய ஃபைலுக்கு 16 எம்பி வரை உயரும். பெரிய ஃபைலின் நடுவில் சில பைட் மாறினால் அந்தத் துண்டு மட்டும் போகும். தொடக்கத்தில் ஒரு பைட் செருகினால் பின்னால் உள்ளதெல்லாம் நகர்ந்து, கிட்டத்தட்ட முழு ஃபைலும் மறுபடி போகும். சுருக்கப்பட்ட ஆர்க்கைவ் ஃபைல்கள் மாறும்போது இதுதான் நடக்கிறது.

மாற்றம் உடனே போகவில்லை என்பது தனிக் கேள்வி. ஃபைல் கண்காணிப்பு மாற்றங்களைச் சேர்த்துவைத்து 10 நொடிக்குப் பிறகே ஸ்கேன் செய்யும். முழு ஸ்கேன் இயல்பாக மணிக்கு ஒருமுறை. லினக்ஸில் ஆயிரக்கணக்கில் உட்ஃபோல்டர் இருந்தால் ஐநோட்டிஃபை (லினக்ஸின் ஃபைல் கண்காணிப்பு வசதி) வரம்பு தட்டும். பழைய கர்னல்களில் அது 8192 மட்டுமே. 204800 ஆக உயர்த்தினால் போதும். நெட்வொர்க் டிரைவ்களில் கண்காணிப்பு நம்பகமாக நடக்காது. அங்கே ஸ்கேன் இடைவெளியைக் குறைப்பதுதான் வழி.

'ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்'

இந்தப் பிழையைப் பார்த்தால் பதற வேண்டாம். உங்களைக் காப்பாற்றிய பிழை இது. பகிரும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் புள்ளியில் தொடங்கும் 'எஸ்டிஃபோல்டர்' என்ற அடையாளம் இருக்கும். வெளி டிஸ்க் மவுண்ட் ஆகாமல் ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், எல்லா ஃபைலும் அழிந்தன என்று எடுத்துக்கொண்டு உலகம் முழுக்க அழிக்காமல், அடையாளம் இல்லை என்று நின்றுவிடும். முதலில் ஃபைல்கள் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், போனில் இடம் சுத்தம் செய்யும் செயலி எதாவது அந்த அடையாளத்தைத் துடைத்திருக்கும், மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். ஃபைல்கள் இல்லாதபோது பிழையைப் போக்குவதற்காக அடையாளத்தை மட்டும் உருவாக்கினால், எந்த விபத்திலிருந்து தப்பினீர்களோ அதையே வரவழைக்கிறீர்கள்.

கருவிக்குக் கருவி

ஆண்ட்ராய்டின் அதிகாரப்பூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது பலரும் பயன்படுத்துவது 'சிங்க்திங்-ஃபோர்க்'. நிறுவியதும் பேட்டரி சிக்கனத்திலிருந்து அதை விலக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் தூங்கிவிடும். சார்ஜில் இருக்கும்போதும் குறிப்பிட்ட வைஃபையிலும் மட்டும் ஓடும்படி செயலியிலேயே நிபந்தனை வைக்கலாம். அதுதான் பேட்டரிக்கும் நல்லது. மெமரி கார்டில் எழுதும் அனுமதியில் ஆண்ட்ராய்டு கெடுபிடி காட்டும், உள் சேமிப்பையே பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டு சேர்ந்த ஃபோல்டருக்கு 'இக்னோர் பர்மிஷன்ஸ்' இயக்குவது நல்லது.

ஐபோனுக்கு 'மோபியஸ் சிங்க்' போன்ற பிறர் செய்த செயலிகள் உண்டு. பின்னணியில் ஓட ஐஓஎஸ் அனுமதிப்பது கொஞ்ச நேரம்தான். செயலியைத் திறந்து வைத்தால் சிங்க் ஆகும். படங்கள் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஐபோன்காரர்கள் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

லினக்ஸும் விண்டோஸும் கலந்த ஃபோல்டரில் பெயர்கள் தகராறு செய்யும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள் குறி உள்ள பெயர்களை விண்டோஸ் ஏற்காது. அந்த ஃபைல்கள் மட்டும் 'அவுட் ஆஃப் சிங்க்' பட்டியலில் நிற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு மட்டுமுள்ள இரண்டு ஆங்கிலப் பெயர்களும் அப்படித்தான். லினக்ஸ் பக்கத்தில் பெயரை மாற்றுவதே தீர்வு.

2025 ஆகஸ்டில் வந்த சிங்க்திங் 2.0 பதிப்பு தன் டேட்டாபேஸை எஸ்கியூலைட்டுக்கு மாற்றியது. மேம்படுத்தியபின் முதல் ஓட்டத்தில் பழைய டேட்டாபேஸை மாற்றியெழுதும். பெரிய சேகரம் என்றால் நேரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். பழைய 1 வரிசைக் கருவிகளோடு சேர்ந்து வேலை செய்வதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. 2.0 பதிப்பு, அழித்த ஃபைல்களின் பதிவை முன்போல என்றென்றும் வைத்துக்கொள்ளாமல், பல மாதங்களுக்குப் பிறகு மறந்துவிடுகிறது. நெடுநாள் அலமாரியில் கிடந்த லேப்டாப்பை எழுப்பினால் எப்போதோ அழித்தவை மீண்டும் முளைக்கலாம். அப்படிப்பட்ட கருவியை நேராகச் சேர்க்காமல், அதன் ஃபோல்டரைக் காலி செய்து புதிதாகச் சேர்ப்பது நல்லது.

நம்பாத இடத்தில் பிரதி வைக்க

நண்பர் வீட்டுக் கணினியிலோ வாடகை சர்வரிலோ ஒரு பிரதி வைக்க நினைத்தால் 'ரிசீவ் என்கிரிப்டட்' உதவும். உங்கள் பக்கத்தில், பகிர்வுப் பட்டியலில் அந்தக் கருவிக்கு எதிரே ஒரு கடவுச்சொல் கொடுக்க வேண்டும். அங்கே போய்ச் சேருவது பெயரும் உள்ளடக்கமும் மறைந்த ஃபைல்கள்; தோராயமான அளவும் எத்தனை ஃபைல் என்பதும் மட்டும் தெரியும். கடவுச்சொல்லை இடையில் மாற்ற முடியாது. மாற்றுவதென்றால் அங்கே அழித்துவிட்டு முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

மீட்க வேண்டிய நாளில் என்ன செய்வது என்பதை இப்போதே ஒத்திகை பாருங்கள். புதுக் கணினியில் அதே ஃபோல்டர் ஐடியோடு காலி ஃபோல்டர் ஒன்றைச் சேர்த்து, அந்த சர்வரோடு அதே கடவுச்சொல் கொடுத்துப் பகிர்ந்தால் எல்லாம் திறந்த வடிவில் திரும்ப வரும். ஃபோல்டர் ஐடியும் கடவுச்சொல்லும் வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தால் அது போகும் நாளில் இரண்டும் போகும். தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.